லாரிக்கு உரிமம் உண்டு, ஆளுக்கு?

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு உள்தெருக்களுக்குள் திரும்பினால் மின்கம்பத்திலோ காலிமனைச் சுவரிலோ ‘செப்டிக் டேங்க் கிளீனிங்’ என்ற எழுத்தும் அதன் கீழே ஒரு கைபேசி எண்ணும் தென்படும். அழைத்தால் லாரி வாசலுக்கு வந்துவிடும். ஒரு லோடுக்கு எவ்வளவு என்று கேட்போம், கொஞ்சம் பேரம் பேசுவோம், மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவோம். வந்தவருக்கு இந்த வேலை எவ்வளவு தெரியும், யார் கற்றுக்கொடுத்தார்கள், எடுத்த கழிவு எங்கே போகிறது என்ற மூன்று கேள்விகளும் கேட்கப்படாமலே நின்றுவிடும்.

இவை வீட்டுக்காரரின் ஆர்வத்துக்கு விட்டுவிடக்கூடிய கேள்விகள் அல்ல. பெருங்களத்தூரும் பக்கத்துப் பீர்க்கன்கரணையும் பேரூராட்சிகளாக இருந்து, 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதனுடன் இணைந்தவை. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகளாக அமைந்த இந்த மாநகராட்சியில், பாதாளச் சாக்கடை இணைப்பு எட்டாத தெருக்கள் இன்னும் உண்டு. தனிவீடுகள் அடுக்குமாடிகளாக மாறிய வேகத்துக்குக் குழாய்கள் வந்து சேரவில்லை. ஆகவே மனிதக் கழிவை ஊரிலிருந்து அப்புறப்படுத்தும் பொதுச்சேவையைத் தனியார் லாரிகள் சுமக்கின்றன. அந்த வேலையைச் செய்ய என்ன தகுதி வேண்டும், அதைச் சோதித்துச் சான்றளிப்பது யார்?

தமிழ்நாட்டில் இதற்கு இன்று இருக்கும் விடை, உள்ளாட்சி அமைப்பு தரும் கழிவுநீர் ஊர்தி உரிமம். அது தேவையான விடைதான், ஆனால் பாதி விடை. கழிவுநீர்த் தொட்டியில் நேரும் மரணத்துக்கும், ஏரியில் கொட்டப்படும் கழிவுக்கும் பின்னால் ஒரு நீண்ட சங்கிலி இருக்கிறது. தொட்டியைக் கட்டியவர், அதைத் திறக்காமலே ஆண்டுகளைக் கடத்திய வீட்டுக்காரர், கழிவைக் கொட்ட அருகில் இடம் தராத நிர்வாகம், கடைசியாக லாரியும் அதில் வரும் ஆட்களும். நம் உரிமமுறை கடைசிக் கண்ணியை மட்டும் பிடிக்கிறது. அந்தக் கண்ணியிலும் ஆளை விட்டுவிட்டு வண்டியைப் பிடிக்கிறது. இதன் நிறைகளையும் குறைகளையும் நேர்மையாக எடைபோட்டால்தான், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது விளங்கும்.

சட்டம் வந்த வழி

மனிதக் கழிவை மனிதரே அகற்றும் தொழிலைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் நிறைவேறி, அவ்வாண்டு டிசம்பர் 6 முதல் நடைமுறைக்கு வந்தது. பாதாளச் சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய எவரையும் அமர்த்தக் கூடாது என்கிறது அதன் 7ஆம் பிரிவு. இந்தத் தடை உள்ளாட்சிக்கும் ஒப்பந்ததாரருக்கும் மட்டுமானதல்ல, தன் வீட்டுத் தொட்டியில் ஆளை இறக்கும் சாதாரணக் குடும்பஸ்தருக்கும் பொருந்தும். முதல்முறை மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் மீறினால் ஐந்து ஆண்டு, 5 லட்சம் வரை போகும்.

2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இப்படி இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் வந்த இன்னொரு தீர்ப்பு அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்ததே சாவு நிற்கவில்லை என்பதற்குச் சாட்சி. 1993 முதலான அரசுக் கணக்கில் இத்தகைய மரணங்கள் மிக அதிகமாகப் பதிவான மாநிலம் தமிழ்நாடு. எண்ணிக்கை 200ஐத் தாண்டிவிட்டது. மருத்துவத்திலும் கல்வியிலும் முன்னால் நிற்பதாகப் பெருமைப்படும் மாநிலம் இந்தக் கணக்கிலும் முதலிடத்தில் நிற்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கழிவு போய்ச் சேரும் இடத்தைப் பற்றிய அக்கறை தனி வழியில் வளர்ந்தது. தமிழக அரசு 2014இலேயே கசடு கழிவு மேலாண்மைக்கு நடைமுறை நெறிகளை வெளியிட்டது. லாரிகளுக்கு உள்ளாட்சி உரிமம் தரவேண்டும், எடுத்த கழிவை அருகிலுள்ள சுத்திகரிப்பு நிலையத்தில்தான் விடவேண்டும், ஒவ்வொரு நடைக்கும் பதிவு வைக்கவேண்டும் என்பவை அதன் சாரம். நெறிகளாக இருந்தவற்றுக்கு 2022இல் வந்த சட்டத் திருத்தம் பல் கொடுத்தது. இப்போது உரிமம் இல்லாமல் கழிவுநீர் லாரி ஓட்டக் கூடாது. உரிமத்துக்குக் கட்டணம் 2,000 ரூபாய், காலம் இரண்டு ஆண்டு. கண்ட இடத்தில் கொட்டினால் முதல்முறை 25,000 ரூபாய், அடுத்தமுறை 50,000 ரூபாய் அபராதம்.

உரிமம் தந்த நன்மைகள்

இந்த முறையின் முதல் நன்மை, இருட்டில் நடந்த ஒரு தொழிலை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பல ஆண்டுகளாக இந்த லாரிகள் எந்தக் கணக்கிலும் இல்லை. ஒரு மாநகராட்சிக்குள் எத்தனை ஓடுகின்றன, எத்தனை லிட்டர் எடுக்கின்றன, எங்கே விடுகின்றன என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. உரிமம் வந்ததும் வண்டிக்கு உரிமையாளர் பெயர் வந்தது, பொறுப்பும் கூடவே வந்தது. மழைநீர்க் கால்வாயில் குழாயைச் செருகிவிட்டு ஓடுகிற லாரியின் பதிவு எண்ணை ஒருவர் குறித்துக் கொடுத்தால், நடவடிக்கை எடுக்க அதிகாரிக்கு இன்று சட்டத்தின் கைப்பிடி இருக்கிறது.

இரண்டாவது நன்மை, அபராதத்தின் அளவு. கட்டணம் 2,000 என்பது சிறு உரிமையாளரும் தாங்கக்கூடிய தொகை. அபராதமோ அதைப்போல் பன்னிரண்டரை மடங்கில் தொடங்குகிறது. உள்ளே வருவதை எளிதாக்கி, தவறு செய்வதைக் கடினமாக்குவது நல்ல ஒழுங்குமுறையின் இலக்கணம். ஒரே லாரியைக் கடனில் வாங்கி ஓட்டும் ஆளைத் துரத்திவிட்டுப் பெரிய ஒப்பந்ததாரருக்கு மட்டும் கதவு திறக்கும் உரிமமுறைகளை வேறு தொழில்களில் பார்த்திருக்கிறோம். இங்கே அந்தத் தவறு தவிர்க்கப்பட்டிருக்கிறது.

மூன்றாவது, குடிமகனுக்குக் கேட்கும் உரிமை கிடைத்தது. உரிமம் இருக்கிறதா என்று வாசலில் கேட்கலாம். பாதுகாப்பான முறையில் தொட்டியைச் சுத்தம் செய்ய 14420 என்ற எண்ணை அழைக்கலாம் என்று உள்ளாட்சிகள் அறிவிக்கின்றன. சுவரில் எழுதிய எண்ணைத் தவிர வேறு வழியில்லாத நிலையிலிருந்து இது பெரிய முன்னேற்றம். இத்தனையும் உண்மை என்பதால்தான், உரிமமே வேண்டாம், வெறும் காகிதம் என்று தள்ளிவிடுவோரோடு என்னால் உடன்பட முடியவில்லை.

வண்டி தேறியது, ஆள்?

குறைகளில் முதன்மையானது, சான்று பெறுவது யார் என்பது. உரிமம் கேட்பவர் லாரியின் உரிமையாளர். பரிசோதிக்கப்படுவது பதிவுச் சான்று, காப்பீடு, ஒழுகாத தொட்டி, கருவிகள். ஆனால் தெருவில் வந்து மூடியைத் திறப்பவர் ஓட்டுநரும் உதவியாளரும். அவர்களில் பலர் தினக்கூலிகள். இன்று இந்த லாரி, நாளை வேறு லாரி. உரிமையாளருக்கு ஒருநாள் நடந்த பயிற்சி முகாமின் அறிவு, குழாயைப் பிடிக்கும் கைக்கு வந்து சேரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

அந்தக் கைக்குத் தெரிய வேண்டியவை ஏராளம். மூடிய தொட்டியில் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் சேர்ந்திருக்கும். பின்னது காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கைத் தொடும்போது மூக்கு உணர்வை இழந்துவிடும், நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று அனுபவசாலி ஒருவர் முடிவு செய்யும் நேரம்தான் மிக ஆபத்தான நேரமாக இருக்கலாம். அந்த அளவு பல மடங்கு ஏறிவிட்டால் சில மூச்சுகளிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். தீக்குச்சியைக் கொளுத்திப் போட்டுப் பார்க்கும் பழைய வழக்கமோ மீத்தேன் இருந்தால் வெடிப்பில் முடியும்.

வேலையின் நுட்பங்களும் உண்டு. கெட்டிப்பட்ட கசடை ஆள் இறங்கிக் கிளறத் தேவையில்லை. லாரியிலிருந்து நீரைத் திருப்பிப் பீய்ச்சிக் கலக்கி உறிஞ்சலாம். தொட்டியை முழுக்கத் துடைத்து எடுக்காமல், நுண்ணுயிர்கள் மீண்டும் பெருகக் கொஞ்சம் கசடை விட்டுவைக்க வேண்டும். நிலத்தடி நீர் மேலேறி நிற்கும் ஐப்பசி கார்த்திகையில் தொட்டியை ஒரேயடியாகக் காலிசெய்தால், வெளியிலிருந்து தள்ளும் நீரின் அழுத்தத்தில் சுவர் விரிசல் காணலாம், இலகுவான தொட்டியானால் மேலே கிளம்பவும் செய்யலாம். முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை 2015 டிசம்பர் வெள்ளம் மூழ்கடித்ததை மறக்காத நம் பகுதிக்கு, இது ஏட்டுப் படிப்பு அல்ல.

இவ்வளவும் தெரிந்திருக்க வேண்டிய ஆளுக்குத் தேர்வோ அட்டையோ கட்டாயமில்லை. வேறொரு தொழிலைப் பாருங்கள். வீட்டில் மின்கம்பி இழுப்பவருக்குத் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் தகுதிச் சான்று தருகிறது. மின்கம்பியாளர் உதவியாளருக்குத் தகுதிகாண் தேர்வு இருக்கிறது. மேற்பார்வையாளருக்கும் ஒப்பந்ததாரருக்கும் தனித்தனிச் சான்றுகள். நிறுவனத்தின் உரிமம் வேறு, வேலை செய்பவரின் தகுதி வேறு என்ற தெளிவு அந்தத் துறைக்கு எப்போதோ வந்துவிட்டது. ஒரு நொடியில் உயிரைப் பறிக்கும் வாயு நிறைந்த தொட்டியின் மூடியைத் திறப்பவருக்கு மட்டும் அந்தத் தெளிவு ஏன் வரவில்லை? அந்த வேலையைப் பரம்பரையாகச் செய்தே ஆகவேண்டியவர்கள் என்று சமூகம் சிலரை ஒதுக்கி வைத்திருந்ததால், அதை ஒரு தொழில்நுட்பமாகக் காண நமக்கு மனம் வரவில்லை. உண்மைக் காரணம் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

தொட்டியிலேயே தொடங்கும் ஆபத்து

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. ஆள் ஏன் தொட்டிக்குள் இறங்குகிறார்? லாரியின் குழாய் உறிஞ்ச மறுக்கும்போது. குழாய் ஏன் மறுக்கிறது? அடியில் கசடு களிமண்ணாக இறுகிவிட்டதால். ஏன் இறுகியது? இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டியதைப் பத்துப் பதினைந்து ஆண்டாகத் திறக்காததால். ஏன் திறக்கவில்லை? பல வீடுகளில் தொட்டியின் மூடி போர்டிகோ தரைக்கடியில் டைல்ஸ் ஒட்டி மறைந்துவிட்டது. கழிவு நிரம்பிக் குளியலறையில் எதிர்த்து வரும் நாளில்தான் அது நினைவுக்கு வருகிறது. அன்று கடப்பாரையோடு ஆளைத் தேடுகிறோம். மரணத்தின் தொடக்கம் அந்தக் காலையில் அல்ல, பத்தாண்டுக்கு முன்பு மூடியின் மேல் சிமென்ட் பூசிய நாளில்.

கட்டும்போதே நேரும் பிழைகளும் உண்டு. கழிவுநீர்த் தொட்டிக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2470, 2,000 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டிக்கு இரண்டு அறைகள் வேண்டும் என்கிறது. அடிப்பகுதி கசியக் கூடாது, தெளிந்த நீர் தனியாக உறிஞ்சுகுழிக்குப் போகவேண்டும். பல மனைகளில் கட்டப்படுவதோ உறைகளை அடுக்கி இறக்கிய, அடியில்லாத குழி. நிரம்பாத தொட்டி நல்ல தொட்டி என்று நாமும் மகிழ்கிறோம். நிரம்பாததற்குக் காரணம் அதிலுள்ளது நிலத்தடி நீரோடு கலந்துகொண்டிருப்பதுதான். சில அடி தள்ளி அதே மனையில் ஆழ்துளைக் கிணறும் இருக்கும். இந்தக் குழியைக் கட்டிய மேஸ்திரிக்கு எந்தச் சான்றும் வேண்டியதில்லை. கட்டட வரைபடத்தில் செப்டிக் டேங்க் என்று ஒரு கட்டம் போட்டிருந்தால் போதும்.

லாரி உரிமம் இந்தச் சாவுகளின் ஒரு பகுதியைத்தான் தொடுகிறது என்பதற்கு ஒரு துயரச் சான்று அருகிலேயே உண்டு. 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த நெமிலியில் ஒரு குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியில் ஆறு பேர் மூச்சுத்திணறி இறந்தனர். அந்த ஆறு பேரில் வீட்டு உரிமையாளரும் அவர் மகன்கள் இருவரும் அடக்கம். உள்ளே விழுந்தவரைக் காப்பாற்ற அடுத்தவர் இறங்குவது இத்தகைய விபத்துகளில் திரும்பத்திரும்ப நடப்பது. பதறிய மனம் சும்மா நிற்காது. காப்பாற்றப் போகிறவரையும் அதே வாயு வீழ்த்தும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிவைக்கவில்லை. அடுக்குமாடிகளில் மோட்டார் பழுதுபார்க்க இறங்கும் பிளம்பருக்கும் காவலாளிக்கும் இதே கதி நேரலாம். அங்கே லாரியே வருவதில்லை, லாரியின் உரிமம் எப்படிக் காப்பாற்றும்?

கொட்ட இடமில்லாத நேர்மை

மூன்றாவது குறை தூரம். தென்சென்னைப் புறநகரின் கழிவுக்குப் பெரிய போக்கிடம் சென்னைக் குடிநீர் வாரியத்தின் பெருங்குடி சுத்திகரிப்பு நிலையம். பெருங்களத்தூரிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். தாம்பரம் சந்திப்பு, வேளச்சேரி சாலை, அங்கே வரிசை, திரும்பிவர அதே நெரிசல். நேர்மையாக ஓட்டுபவர் ஒரு நடையில் அரைநாளை இழப்பார். பக்கத்து ஏரிக் கால்வாயில் இரவில் திறந்துவிடுபவர் அதே நேரத்தில் பல லோடு அடிப்பார். இருவரும் ஒரே தெருவில் ஒரே விலைக்குப் போட்டியிட வேண்டும். சட்டத்தை மதிப்பவரைச் சந்தையிலிருந்து வெளியேற்றும் ஏற்பாடு, அபராதத்தை எவ்வளவு கூட்டினாலும் நிலைக்காது. ஆதனூர்ப் பக்கம் தொடங்கி முடிச்சூர் வழியே வரும் அடையாறும், பீர்க்கன்கரணை, இரும்புலியூர் ஏரிகளும் அந்தத் தோல்விக்கு விலை கொடுக்கின்றன.

நம் மாவட்டத்திலேயே மாற்றுவழி உண்டு. மதுராந்தகத்தை அடுத்த கருங்குழிப் பேரூராட்சியில் 2017 முதல் மலக்கசடுக்கென்றே தனிச் சுத்திகரிப்பு நிலையம் இயங்குகிறது. நாளொன்றுக்குச் சுமார் 23,000 லிட்டர் கொள்ளளவு. தமிழ்நாட்டின் முதல் நிலையம் அது. சிறிய பேரூராட்சிக்கு முடிந்தது, லட்சக்கணக்கான மக்கள் வாழும் மாநகராட்சிக்கு எட்டாத உயரம் அல்ல. இடம் கிடைப்பதுதான் சிக்கல். எங்கள் தெருப்பக்கம் வேண்டாம் என்று எதிர்ப்போம். ஆனால் நிலையம் வராவிட்டால் அதே கழிவு சுத்திகரிக்கப்படாமல் நம் ஏரிக்கு வருகிறது என்பதையும் எதிர்ப்பவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

நான்காவது, எல்லைகள். பெருங்களத்தூரிலிருந்து சில நிமிடத்தில் வண்டலூர், மண்ணிவாக்கம், முடிச்சூர் ஊராட்சிகள். வரதராஜபுரத்தில் மாவட்டமே மாறிவிடும். கழிவுநீர் லாரி ஒரே நாளில் இத்தனை எல்லைகளையும் கடக்கும். உரிமம் தரும் அமைப்பு ஒன்று, கழிவு எடுத்த இடம் இன்னொன்று, கொட்டிய இடம் வேறொன்று என்றானால் பொறுப்பு நடுவழியில் கைமாறிக் கரைந்துவிடும். அதே சமயம் ஒவ்வோர் எல்லைக்கும் தனி உரிமம் கேட்பது சிறு உரிமையாளரை நசுக்கும். உள்ளூர் உரிமத்தின் பலம் அருகிலிருந்து கண்காணிப்பது, பலவீனம் எல்லையோடு முடிந்துபோவது.

மற்ற இடங்கள் கற்றுத்தருவது

ஜப்பானில் வீட்டுக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ‘ஜோகசோ’ தொட்டிகளுக்கென்றே 1983இல் தனிச்சட்டம் இயற்றினார்கள். நிறுவும் வேலையை மேற்பார்ப்பவருக்கு ஒரு தேசியத் தகுதி, பராமரிப்பவருக்கு வேறொரு தேசியத் தகுதி, கசடு எடுப்பவருக்கு உள்ளூர் நகராட்சியின் அனுமதி. இவர்களில் யாரையும் சாராத அமைப்பு ஆண்டுதோறும் நீரின் தரத்தை ஆய்வு செய்யும். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு பொறுப்பாளர். திறமைக்கான சான்று நாடு முழுக்கப் பொது, சேவைக்கான அனுமதி உள்ளூரில். எல்லைச் சிக்கலுக்கு அங்கே கிடைத்த தீர்வு இந்தப் பிரிவினைதான்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ‘டைட்டில் 5’ விதிகளின்படி, வீடு விற்கும்போது செப்டிக் அமைப்பை மாநிலம் ஏற்ற ஆய்வாளர் ஒருவர் சோதிக்க வேண்டும். கட்டுபவரும் கசடு ஏற்றிச் செல்பவரும் உள்ளூர் சுகாதாரக் குழுவிடம் அனுமதி பெறுகிறார்கள். சொத்து கைமாறும் நேரத்தில் ஆய்வு என்பதால் வீட்டுக்காரர் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் ஜப்பானும் மாசசூசெட்ஸும் வசதியும் ஆட்பலமும் உள்ள இடங்கள். அவர்களின் விதிப்புத்தகத்தை அப்படியே இங்கே இறக்கினால், ஆய்வாளர் இல்லாத ஆய்வும் தேர்வு நடக்காத சான்றிதழும்தான் மிஞ்சும்.

நமக்கு நெருக்கமான பாடம் மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. சத்தாரா மாவட்டத்து வாய் என்ற சிறு நகராட்சி 2018 முதல், எல்லா வீட்டுத் தொட்டிகளையும் மூன்றாண்டுக்கு ஒருமுறை முறைவைத்துச் சுத்தம் செய்கிறது. வீட்டுக்காரர் அழைக்கும்வரை காத்திருப்பதில்லை. செலவுக்குச் சுகாதார வரி. தனியார் ஒப்பந்ததாரருக்கு, செய்த வேலையைப் பொறுத்து நகராட்சி பணம் தருகிறது. கசடு இறுகும் முன்பே எடுத்துவிடுவதால் ஆள் இறங்கும் தேவை குறைகிறது. கொட்ட வேண்டிய இடத்தில் கொட்டினால்தான் வருமானம் என்பதால் கள்ளத்தனத்துக்கான ஆசையும் குறைகிறது. சான்றிதழால் செய்ய முடியாத வேலையை இந்தப் பண ஏற்பாடு ஒரு சொல்லும் பேசாமல் செய்கிறது.

இரண்டு எதிர்வாதங்கள்

ஆளுக்குச் சான்று வேண்டும் என்றால் எழும் முதல் எதிர்ப்பு சாதி பற்றியது. ஒடுக்கப்பட்ட மக்களை இந்தத் தொழிலிலிருந்து விடுவிக்க வேண்டிய அரசு, சான்றிதழ் கொடுத்து அதிலேயே கட்டிப்போடுவதா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. விடுதலை பெற விரும்புவோருக்கு மாற்றுத் தொழில் தருவது அரசின் கடமை, அதை எந்தச் சான்றும் ஈடுசெய்யாது. ஆனால் தொட்டிகள் இருக்கும்வரை கசடு எடுக்கும் வேலை இருக்கும். அந்த வேலை திறமைக்கும் கூலிக்கும் மரியாதைக்கும் உரிய தொழிலாக மாறினால்தான் எல்லாச் சாதியினரும் அதற்கு வருவார்கள், பிறப்பின் பிடி தளரும். 2024 டிசம்பரில் சென்னையில் தூய்மைப் பணியாளர்களையே 200க்கும் மேற்பட்ட நவீனக் கழிவகற்று வாகனங்களின் உரிமையாளர்கள் ஆக்கிய திட்டம் தொடங்கியது. கூலிக்கு இறங்கியவர் முதலாளியாக ஏறும் பாதை அது. சான்றும் அந்தப் பாதையின் படியாக இருக்கவேண்டும், வேலியாகக் கூடாது.

இரண்டாவது எதிர்ப்பு: தேர்வு வைத்தால் எழுதப் படிக்கத் தெரியாத அனுபவசாலிகள் வெளியேறுவார்கள், புதிய லஞ்ச வாசல் திறக்கும், லோடு விலை ஏறும். முதலிரண்டு ஆபத்துகளும் உண்மையானவை. அதனால்தான் தேர்வு வாய்மொழியாகவும் செய்முறையாகவும் தமிழில் நடக்கவேண்டும். மூடியைத் திறந்து காற்றோட்டம் விடுவது, வாயு அளக்கும் கருவியைப் படிப்பது, மயங்கியவரைத் தானும் இறங்காமல் கயிற்றால் தூக்குவது, கசடை நீர் பீய்ச்சிக் கரைப்பது ஆகியவற்றைக் கண்ணெதிரே செய்துகாட்டினால் போதும். பயிற்சி நாளுக்குக் கூலியும் தரவேண்டும், இல்லையேல் தினக்கூலி வரமாட்டார். விலை ஏற்றத்தைப் பொறுத்தவரை, நாம் இன்று கொடுக்கும் மலிவு விலையில் மீதியை ஒரு தொழிலாளியின் நுரையீரலும் ஓர் ஏரியும் கட்டுகின்றன. அந்தக் கடனை நாமே அடைக்க வேண்டும்.

தாம்பரம் செய்யக்கூடியது

மாநகராட்சி புதிதாகச் சட்டம் இயற்றத் தேவையில்லை. கையில் இருக்கும் உரிமத்தையே முழுமையாக்கலாம். முதலாவது, இரண்டாண்டு உரிமத்தைப் புதுப்பிக்கும்போது அந்த லாரியில் வேலை செய்யும் இருவருக்காவது செய்முறைப் பயிற்சி அட்டை இருக்கவேண்டும் என்று நிபந்தனை வைக்கலாம். அட்டை ஆளின் பெயரில் இருக்கவேண்டும். வேறு லாரிக்குப் போனாலும் அவரோடு போகவேண்டும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களின் எல்லா உள்ளாட்சிகளும் அந்த அட்டையை ஏற்கவேண்டும்.

இரண்டாவது, சொத்து வரி எண்ணோடு கழிவுநீர்த் தொட்டியையும் பதிவு செய்யலாம். எங்கே இருக்கிறது, எந்த அளவு, மூடி திறக்கும் நிலையில் உள்ளதா, கடைசியாக எடுத்தது எப்போது என்ற நான்கு விவரம் போதும். மூன்றாண்டு கடந்த வீட்டுக்கு நினைவூட்டல் போகட்டும். புதிய கட்டட அனுமதியில் திறக்கக்கூடிய மூடியும் கசியாத அடியும் நேரில் பார்க்கப்படட்டும். தொட்டி கட்டும் மேஸ்திரிகளுக்கும் அதே பயிற்சிக்கூடத்தில் இரண்டு நாள் பாடம் நடத்தலாம்.

மூன்றாவது, தெற்குப் பகுதிக்கு அருகிலேயே கழிவைப் பெற்றுக்கொள்ளும் நிலையம் ஒன்று வேண்டும். அங்கே கொட்டியதற்கான சீட்டைக் காட்டுபவருக்கு ஊக்கத்தொகை தரலாம். இந்த மூன்றில் ஒன்றை முதலில் செய்ய முடியும் என்றால் நான் நிலையத்தையே கேட்பேன். கொட்ட இடம் இல்லாத ஊரில் உரிமம், அட்டை, அபராதம் எல்லாமே ஏழைத் தொழிலாளியைக் குற்றவாளியாக்கும் கருவிகளாகிவிடும்.

பாதாளச் சாக்கடை ஒருநாள் எல்லாத் தெருவுக்கும் வந்துவிடும், அதுவரை இப்படியே ஓட்டலாம் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. குழாய் வரும் ஆண்டுவரை தொட்டிகள் நிரம்பிக்கொண்டேதான் இருக்கும். வந்தபின்னும் அதைப் பராமரிப்பது இதே தொழிலாளர்கள்தான். ஆகவே அவர்களின் திறமைக்குச் சான்றளிப்பது தற்காலிக ஏற்பாடு ஆகாது, இந்த ஊரின் நிரந்தர அடித்தளம். உரிமம் லாரியோடு தொடங்கியது சரி. அடுத்த புதுப்பித்தலில் அது ஆளையும், தொட்டியையும், கொட்டும் இடத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதுவரை சட்டம் தடைசெய்த ஒரு மரணத்துக்கு, வரி கட்டும் நாமும் உடந்தையாக இருக்கிறோம்.